மண்ணுக்குத் தேய்மானம் உண்டா?

வீடு கட்ட முக்கியமாக இரண்டு சமாச்சாரம் வேண்டும். சிமென்ட், செங்கல். கோவைக்கு இரண்டையுமே மேற்கு மலையடிவாரம்தான் கொடுத்தது! சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் 1934-ல் மதுக்கரைக்கு சிமென்ட் ஆலை வந்தது. பெரியநாயக்கன்பாளையம் ஒன்றியத்துத் தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண், செங்கல்லாகிக் கேரளா வரை லாரி ஏறியது.

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்காகத்தான் பார்க்க வரும். சூளைக்கார நோட்டில் கூலி, விறகு, லாரி வாடகை, மெஷின் தேய்மானம் எல்லாம் செலவு. மண் போன செலவு? பல ஆள் ஆழத்துக்குக் குழி. மழைத் தண்ணீர் ஓடிய ஓடைகள் அறுந்தன. எரிக்க வெட்டி வந்த மரத்தில் பனஞ்சோறு தின்ன, யானைகள் சூளைக்கே வந்தன. இதெல்லாம் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். விவகாரம் கோர்ட்டுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனது. 2021-ல் உரிமம் இல்லாத 186 சூளைகளை மூட உத்தரவு வந்தது. கூலிக்கு வந்தவர்கள் பிழைப்பு போனதும் நிஜம்தான்.

சூளையை ஓர் உத்தரவில் மூடலாம். குழியை? ஓர் அங்குல மேல்மண் உருவாகவே நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். தடாகத்துச் செம்மண் இன்று யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது. திருப்பிக் கேட்க முடியுங்களா?