என்ஜின் மாற்றும் நேரம்

விழுப்புரத்தைப் பெரிய ஊராக்கியது கோட்டையோ கோயிலோ அல்ல, தண்டவாளம். 1879இல் புதுச்சேரிக்குப் பாதை பிரிந்தது. அப்புறம் காட்பாடி, திருச்சி கார்டு லைன் என்று சேர்ந்து ஐந்து திசைக்கும் வண்டி போகிற ஜங்ஷன் ஆயிற்று.

ஊருக்கு உண்மையான யோகம் அடித்தது 1960களின் நடுவில். மீட்டர் கேஜ் பாதையில் சென்னையிலிருந்து வந்த 25,000 வோல்ட் மின்கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் வண்டிகளெல்லாம் ஜப்பானில் செய்த மின்சார என்ஜினை இங்கே கழற்றிவிட்டு, நீராவி என்ஜினையோ டீசலையோ மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். அந்த இடைவெளியில் பிளாட்பாரம் திருவிழாக் கோலம் கொள்ளும். கூஜாவோடு குழாயடிக்கு ஓடுகிறவர் ஒரு பக்கம், சோற்றுப் பொட்டலத்துக்கு முண்டுகிறவர் ஒரு பக்கம். புது என்ஜின் வந்து முட்டியதும் பெட்டிகள் வரிசையாக ‘டங்’கென்று அதிரும். பாதி டீயைக் கொட்டிவிட்டு ஓடிவந்து ஏற அதுதான் சமிக்ஞை.

திண்டிவனத்தில் இதே வேலையைச் சாலை செய்தது. திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சி, திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் இடம். பஸ் நின்ற மறுநொடி ஜன்னலுக்குள் வேர்க்கடலைப் பொட்டலம் நீளும். கடலைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1940இல் வெளியாகி நாடெங்கும் பரவிய டி.எம்.வி. 2 ரகம் இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததுதான்.

ஆக, இரண்டு ஊர்க் கடைவீதிகளும் பிழைத்தது வழிப்போக்கர்களின் காத்திருப்பில். அவற்றைச் சாய்க்க புல்டோசர் தேவைப்படவில்லை, காத்திருப்பை எடுத்துவிட்டதே போதும். 1990களின் கடைசியில் அகலப்பாதை வந்தது. பிற்பாடு கம்பி திருச்சி வரை நீண்டதும் என்ஜின் மாற்றும் வேலையே இல்லாமல் போயிற்று. நான்குவழிச் சாலை திண்டிவனத்து ஊர்நடுவை ஒதுக்கிவிட்டு ஓடியது. வெளியூர் பஸ்கள் மேம்பாலத்தடியில் ஆளை இறக்கிவிட்டுப் பறந்தன. 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. அதன்பின் கலெக்டர் ஆபீசும் புது பஸ் ஸ்டாண்டும் திருச்சி சாலைப் பக்கம் போய்விட, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்களே கதி. வேகமாகப் போகக் கிடைத்ததில் பயணிக்கு நஷ்டமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய கடைவீதி என்றாலே உருகுகிறவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் அந்த ஜாதிதான். ஆனால், எல்லோரும் கலந்து நின்ற இடம் என்று அதைப் பொத்தாம் பொதுவாகப் புகழ என்னால் முடியாது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். தகராறின் தொடக்கம் இதே கடைவீதி. அடுத்த வாரம் அந்த ஜூலை மாதத்துக்குப் போவோம்.

(தொடரும்)