பனிக்கட்டி வந்த வழி

கோடையில் தேநீரையும் குளிரப் பருகும் வழக்கம் இன்று நம் இல்லங்களிற் புகுந்துவிட்டது. செய்முறை எளிது. தேயிலையைக் கொதிநீரில் இட்டு, ஐந்து நிமிடம் ஊறியபின் வடித்து, சூடு ஆறுமுன்பே சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த நீரில் அது எளிதிற் கரையாது. ஆறியபின் எலுமிச்சை பிழிந்து பனிக்கட்டி இட்டால் போதும். ஆனால் அப்பனிக்கட்டி நம் கைக்கு எட்டிய வரலாறு அத்துணை எளிதன்று.

இனிப்பும் குளிர்ச்சியும் உடைய பானமே அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மிக உவப்பானது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததாகத் திர்மிதியிற் காண்கிறோம். 'ஷர்பத்' என்னும் சொல்லும், பருகுதலைக் குறிக்கும் 'ஷரிப' என்னும் அரபு வினையிற் பிறந்ததே.

அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வெடியுப்பு கரைத்த நீரிற் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் குடிநீரைக் குளிர்வித்தனர் என்று அபுல் ஃபஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் எழுதுகிறார். உப்பு கரையுங்கால் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதே இதன் நுட்பம். பாதுஷா இலாகூரில் தங்கியபோது வடமலைகளிலிருந்து பனிக்கட்டியே வந்தது. குளிர்ச்சி அன்று அரசர்க்குரிய செல்வம்.

பின்னர் அது வெள்ளையரின் செல்வமாயிற்று. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் 1833இல் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியைக் கப்பலேற்றினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல் கடலில் நிற்க, மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. இங்கேயே இயந்திரத்தாற் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வாணிகம் மடிந்தது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவல்லிக்கேணிப் பகுதிக்கோ ஐஸ்ஹவுஸ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் 1879இல் வெளிவந்த வர்ஜீனியச் சமையல் நூலொன்றில், சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்த குளிர்தேநீரின் செய்முறை இடம்பெற்றது.

பாதுஷா மலையிலிருந்து வரவழைத்ததை, மணலியை அடுத்த சடையங்குப்பத்துத் தொழிலாளி இன்று தம் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார். இதனை அற்பமென எண்ணலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியதைக் கண்ட மக்களுக்குத் தூய நீரின் அருமை நன்கு தெரியும்.

மறுமையில் அடியானிடம் முதலில் வினவப்படும் அருட்கொடைகளுள் உடல்நலத்தோடு குளிர்ந்த நீரும் ஒன்று என நபிமொழி எச்சரிக்கிறது. ஆதலின் கோப்பையை உதட்டில் வைக்குமுன் பிஸ்மில்லாஹ் கூறுவோம். வாசலில் வெயிலோடு வந்து நிற்பவருக்கு முதற் கோப்பையை நீட்டுவோம். அவ்வினாவுக்கு நாம் தேடிவைக்கும் விடை அதுவே.