மாண்டினீக்ரோவின் படை வரலாறு (1900–1919)

பால்கன் தீபகற்பத்தின் மேற்கில், அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய சிறு மலைநாடு மாண்டினீக்ரோ. அன்றைய தலைநகர் செட்டினியே. 1860 முதல் ஆண்ட இளவரசர் நிக்கோலா 1910 ஆகஸ்டில் அரசர் பட்டம் ஏற்றார்.

நிலைப்படை என்பது அங்கே பெயரளவுக்குத்தான். ஆயுதம் தாங்கும் வலுவுள்ள ஆண்கள் அனைவரும் படைவீரர்களே. பட்டாலியன்கள் குலவாரியாகத் திரட்டப்பட்டன. அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் ஒரே அணியில் நின்றார்கள். பலர் வீட்டு உடையிலேயே போருக்கு வந்தனர். தொப்பியில் குத்திய உலோகச் சின்னத்தைப் பார்த்தே அதிகாரியின் தரத்தை அறிய வேண்டும். துப்பாக்கிக்கும் பணத்துக்கும் ரஷ்யாவை நம்பியிருந்தார்கள். உணவையும் தோட்டாவையும் முதுகில் சுமந்து மலையேறி முனைக்குச் சேர்த்தவர்கள் பெண்கள். போர் வரலாறுகள் பலவும் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் மாண்டினீக்ரோ ஜப்பான்மீது போர் அறிவித்ததாக ஒரு செய்தி நெடுங்காலமாக உலவுகிறது. அதிகாரபூர்வமாக அப்படி அறிவிக்கப்பட்டதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மாண்டினீக்ரோவினர் சிலர் ரஷ்யப் படையில் தன்னார்வலராகப் போரிட்டது உண்மை.

முதல் பால்கன் போரைத் தொடங்கியது இந்தச் சிறு நாடே. கூட்டாளி நாடுகளை முந்திக்கொண்டு 1912 அக்டோபர் 8 அன்று உதுமானியப் பேரரசின்மீது போர் அறிவித்தது. போட்கோரிட்சா நகரை ஒட்டிய கோரிட்சா குன்றிலிருந்து அரசரின் கடைசி மகன் பீட்டர் முதல் பீரங்கியைச் சுட்டார் என்பர். யாங்கோ வுகோட்டிச் நடத்திய கிழக்குப் பிரிவு பெரானே, பிளாவ், பெயா ஊர்களை விரைந்து பிடித்தது. அரசரின் கண் இருந்ததோ ஏரிக்கரைக் கோட்டை நகரான ஷ்கோதர்மேல். பட்டத்து இளவரசர் டானிலோவின் படையும் மிட்டார் மார்ட்டினோவிச்சின் கடலோரப் படையும் அதை நோக்கிச் சென்றன.

ஏறத்தாழ ஆறு மாதம் முற்றுகை நீடித்தது. தாரபோஷ், பார்தான்யோல்ட் குன்றுகளில் முள்வேலியும் பதுங்குகுழியும் காத்திருந்தன. பதுங்கிப் பாய்வதிலும் கணவாயை மறிப்பதிலும் தேர்ந்த இந்த வீரர்களுக்குக் கோட்டையைத் தகர்க்கும் கனரகப் பீரங்கிகளும் பொறியாளர்களும் போதிய அளவில் இல்லை. 1913 பிப்ரவரியில் பெரும் உயிர்ச்சேதத்துக்குப் பின் பார்தான்யோல்ட் வீழ்ந்தது, தாரபோஷ் அசையவில்லை. குலவாரிப் படை என்பதால் ஒரே தாக்குதலில் ஒரு ஊரே துக்கவீடானது. அங்கே வீரத்துக்குக் குறைவில்லை, குறைபட்டது திட்டம்.

கோட்டைக்குள்ளும் அமைதி இல்லை. காவலை நடத்திய ஹசன் ரிசா பாஷா ஜனவரி இறுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எசாத் பாஷா தோப்தானிமீது சந்தேகம் படிந்தது, ஐயமற நிறுவப்படவில்லை. அவரே ஏப்ரலில் நகரை ஒப்படைத்து, படையோடும் ஆயுதங்களோடும் வெளியேறினார். இதற்குப் பணம் கைமாறியதாகவும் பேசப்பட்டது. ஷ்கோதர் அல்பேனியாவுக்கே என்று வல்லரசுகள் ஏற்கெனவே முடிவுசெய்து, பார் துறைமுகத்துக்கு எதிரே போர்க்கப்பல்களை நிறுத்தியிருந்தன. மே 14 அன்று மாண்டினீக்ரோ நகரைப் பன்னாட்டுப் படையிடம் விட்டுக்கொடுத்தது. முற்றுகைக் காலத்தை நேரில் கண்டு எழுதிய ஆங்கிலப் பயணி எடித் டர்ஹாமின் நூல் இன்றும் பயன்படுகிறது. அவருடைய அல்பேனியச் சார்பை மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் பால்கன் போரில் வுகோட்டிச்சின் தலைமையில் ஒரு படைப்பிரிவு செர்பியாவுக்குத் துணைநின்றது.

1914 ஆகஸ்டில் மாண்டினீக்ரோ ஆஸ்திரியா-அங்கேரிக்கு எதிராக முதல் உலகப் போரில் இறங்கியது. 1916 ஜனவரி 6, 7 தேதிகளில், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடும் குளிரில் நடந்த மோய்கோவாட்ஸ் சண்டையில் வுகோட்டிச் எதிரியைத் தடுத்து நிறுத்தினார். அல்பேனியா வழியே பின்வாங்கிய செர்பியப் படையை இச்சண்டை காத்தது என்பது பொதுக்கருத்து. செர்பியர் அதற்குள் ஆபத்தைக் கடந்துவிட்டனர் என்று வாதிடுவோரும் உண்டு. சில நாளில் கோட்டோர் வளைகுடாவுக்கு மேலுள்ள லோவ்சென் மலை வீழ்ந்தது. இளவரசர் பீட்டர் 1915இல் ஆஸ்திரிய அதிகாரி ஒருவரைச் சந்தித்திருந்தார் என்பதால் துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது. படைபலத்தில் இருந்த ஏற்றத்தாழ்வே காரணம் என்பாரும் உளர். நிக்கோலா இத்தாலி வழியே பிரான்சுக்குச் சென்றார். ஜனவரி 25 அன்று சரணடைவு ஒப்பமானது.

1918 நவம்பரில் போட்கோரிட்சா பேரவை செர்பியாவுடன் இணைய முடிவுசெய்தது. அதை எதிர்த்த "பச்சையர்" 1919 ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிளர்ந்து அடக்கப்பட்டனர். அந்த இணைப்பு முறையானதா என்பது அந்நாட்டு அரசியலில் இன்றும் சர்ச்சை. 2006இல் நாடு மீண்டும் தனியானது. 2017இல் நேட்டோவில் சேர்ந்தது.