பாக் விரிகுடாவின் பொது மீன்வளம்: எல்லை உண்டு, அளவு இல்லை

பாக் விரிகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான கடல் எல்லை 1974-இல் வரையப்பட்டது. 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை கண்டது. அதையொட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிப்பதை விலக்கின. பரப்பு இவ்வாறு பிரிக்கப்பட்டது. அப்பரப்பில் வாழும் மீன்வளம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம், அதில் யாருக்கு என்ன பங்கு என்பதற்கு இவ்வொப்பந்தங்களில் விடை இல்லை. தமிழக மீனவரின் கைதுகளும் படகுப் பறிமுதல்களும் ஓயாததற்கு எல்லைத் தகராற்றைவிட இந்த விடுபாடே அடிப்படைக் காரணம்.

இவ்விரிகுடா ஆழம் குறைந்த ஒற்றை நீர்நிலை. சூடை, சாளை, காரல், இறால், நண்டு ஆகியவை இரு கரையினருக்கும் பொதுவான வளம். இவற்றுள் சூடையும் சாளையும் வட அட்லாண்டிக் நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஹெர்ரிங் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 63-ஆம் பிரிவு, ஒரே மீன்வளம் பல நாடுகளின் பொருளாதார மண்டலங்களில் பரவியிருந்தால் அதைக் காக்க அந்நாடுகள் கூடி உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதை ஏற்றுக் கையொப்பமிட்டவை.

வளத்தின் மீது அழுத்தம் ஏறிய வரலாறு நெடியது. 1952-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தின் வழியே இயந்திரப் படகுகள் பரவின. இறால் ஏற்றுமதி வளர வளர, இராமேசுவரம் முதலான துறைகளில் கடலடியை வாரும் இழுவைமடி விசைப்படகுகள் பெருகின. 1983 முதல் 2009 வரையிலான உள்நாட்டுப் போரில் இலங்கையின் வடபகுதி மீனவர் கடலுக்குள் செல்லவே தடைகள் இருந்தன. அந்த வெற்றிடத்தைத் தமிழகப் படகுகள் நிரப்பின. போர் முடிந்து யாழ்ப்பாணத்தாரும் மன்னாரினரும் கடலுக்குத் திரும்பியபோது, அவர்களுடைய செவுள் வலைகள் இழுவைமடிகளில் சிக்கி அறுபட்டன. இழப்பைத் தாங்கியவர்களும் தமிழரே என்பதைத் தமிழகத்தின் பொது விவாதம் போதிய அளவு கணக்கில் கொண்டதில்லை. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது.

ஹெர்ரிங் வரலாறு இங்கே பயன்படுகிறது. நார்வேக் கரையில் முட்டையிடும் ஹெர்ரிங் கூட்டம் 1960-களின் இறுதியில் மிகைப்பிடிப்பால் சரிந்தது. மீள இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. 1996-இல் கரையோர நாடுகள் உடன்பாடு கண்டன. 2007-இன் பங்கீட்டில் நார்வேக்கு 61 விழுக்காடு. எஞ்சியதை ஐஸ்லாந்து, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஃபாரோ தீவுகள் பிரித்துக்கொண்டன. 2013-இல் ஃபாரோ தன் பங்கு போதாதென்று விலகித் தானே ஓர் அளவை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் ஹெர்ரிங் முதலான மீன் இறக்குமதிக்குத் தடை விதித்து அடுத்த ஆண்டு விலக்கியது. பிந்தைய ஆண்டுகளில் நாடுகள் தனித்தனியே அறிவித்த அளவுகளின் கூட்டுத்தொகை, அறிவியல் பரிந்துரையைத் தாண்டியே நின்றது. ஆயினும் அப்பரிந்துரை என்ற ஒன்று உண்டு. 1902-இல் அமைந்த பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் ஆண்டுதோறும் அதை வெளியிடுகிறது. யார் எவ்வளவு மீறினார் என்று எண்ணால் சொல்ல முடிகிறது.

கொங்கு நாட்டார்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அவர்கள் மண்ணில் பவானியைச் சேர்த்துக்கொள்ளும் காவிரியிலும் நீர்ப்பங்கீட்டுச் சண்டை தீர்ந்தபாடில்லை. ஆனால் பிலிகுண்டுலுவில் நீர் அளக்கப்படுகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 டி.எம்.சி. என்று வகுத்தது, மேலாண்மை ஆணையம் ஒன்றும் அமைந்தது. பாக் விரிகுடாவுக்கு இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பலவகை மீன் ஒரே வலையில் விழும் வெப்பக்கடலில், வட அட்லாண்டிக் முறைப்படி இனவாரியாக டன் கணக்கு விதிப்பது கடினம். நாள் கணக்கு பொருந்தும். அதற்கு இங்கேயே முன்மாதிரி உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இராமேசுவரம் பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. இரு நாட்டு மீனவர் 2010-இல் பேசியபோது தமிழகப் படகுகள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்க ஆண்டுக்கு 70 நாள் என்ற யோசனையும், 2015-இல் தமிழகத் தரப்பின் 83 நாள் கோரிக்கையும் இதே வழியில் எழுந்தவை. பிடிமுயற்சிக்கு வரம்பு வேண்டும் என்பதை மீனவரே ஏற்றனர் என்பதால் இவை மிக முக்கியமானவை. ஆயினும் அரசுகள் அவற்றை உடன்படிக்கையாக்கவில்லை. இழுவைமடி எத்தனை நாள் ஓடினாலும் கடலடியைச் சுரண்டும் என்ற இலங்கை வடபகுதியினரின் மறுப்பும் நியாயமானதே.

2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்து, இழுவைமடியை விரைந்து கைவிடுவதை நோக்கமாக ஏற்றன. 2017-இல் 2,000 விசைப்படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்ற மதிப்பீட்டில் 70 விழுக்காடு மானியம் இருந்தும், மாறியவை சிலவே. ஒருநாள் தொழிலுக்குப் பழகியவரைப் பல வாரக் கடல் வாழ்வுக்குப் பணத்தால் மட்டும் நகர்த்த இயலவில்லை.

பணிக்குழுவின் பேச்சு கைது, விடுதலை, படகு மீட்பு ஆகியவற்றிலேயே பெரிதும் செலவாகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உண்டு. இலங்கையில் நீர்வாழ் வளங்களை ஆராயும் நாரா நிறுவனம் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து வளத்தை மதிப்பிட்டு ஆண்டுதோறும் ஒரே அறிக்கையை வெளியிட வேண்டும். இழுவைமடிக்கு முடிவுநாள் குறித்தபின், எஞ்சிய படகுகளின் நாள்களை அவ்வறிக்கையின்படி இரு கரைக்கும் பங்கிட வேண்டும். அது நடக்கும்வரை, 1974 எல்லையால் இலங்கை வசமான கச்சத்தீவு யாருடையதானாலும் பாக் விரிகுடாவில் மீன் குறைவதை எந்த அரசாலும் தடுக்க இயலாது.