ஊர்ப் பணத்தில் பிறந்த கலை: சியெனா

சியெனாவின் பேராலயத்தை ஒட்டி ஒரு பிரம்மாண்டமான சுவர் நிற்கிறது. உயர்ந்த வளைவும் ஜன்னல் திறப்பும் பளிங்கு வேலைப்பாடும் அதில் இருக்கின்றன. பின்னால் இருக்க வேண்டிய கட்டடம்தான் இல்லை. திறப்பின் வழியே வானம் தெரிகிறது. 1339இல் நகர மன்றம் எடுத்த ஒரு முடிவின் மிச்சம் இது. அப்போதிருந்த பேராலயமே பெரியதுதான். அதைக் குறுக்குக் கூடமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குச் செங்குத்தாக ஒரு புதிய நடுக்கூடத்தை எழுப்புவது என்று தீர்மானித்தார்கள். முடிந்திருந்தால் அன்றைய கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயங்களில் ஒன்றாகியிருக்கும். ஒன்பதே ஆண்டுகளில் வேலை நின்றுபோனது.

இவ்வளவு பெரிய ஆசை ஒரு மலையூருக்கு எப்படி வந்தது? சியெனாவில் ஆறு இல்லை, துறைமுகம் இல்லை. குடிநீருக்கே மண்ணுக்கடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க வாய்க்கால்கள் வெட்டிக் கசிவுநீரைச் சேர்த்த ஊர் அது. ஆனால் வாசலிலேயே ஒரு சாலை இருந்தது. வடக்கு ஐரோப்பாவிலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த ‘வியா ஃபிரான்சிஜெனா’ இந்தக் குன்றுகளின் மேல்தான் போனது. 990ஆம் ஆண்டு வாக்கில் ரோமிலிருந்து நாடு திரும்பிய கேன்டர்பரி பேராயர் சிகெரிக் விட்டுச்சென்ற வழித்தங்கல் பட்டியலில் சியெனாவும் இருக்கிறது. யாத்திரிகர் வந்தால் சத்திரம் வேண்டும், வைத்தியம் வேண்டும், நாணயம் மாற்ற ஆள் வேண்டும். நாணயம் மாற்றியவர்கள் லேவாதேவிக்காரர்கள் ஆனார்கள். 13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்களுக்கே கடன் கொடுக்கும் வங்கியர்கள் ஆனார்கள். 1260 செப்டம்பர் 4 அன்று மொந்தாபெர்த்தி என்ற இடத்தில், தன்னைவிடப் பெரிய புளோரன்ஸின் படையைச் சியெனா தோற்கடித்தது. அந்த ஒரு நாள் வெற்றியை இந்த ஊர் இன்றும் மறக்கவில்லை.

1287 முதல் 1355 வரை சியெனாவை ‘ஒன்பதின்மர்’ ஆண்டார்கள். வணிகர்களிலிருந்தும் வங்கியர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேர். பதவிக் காலம் இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் நகர அரண்மனையிலேயே தங்கியிருக்க வேண்டும். பிறகு வேறு ஒன்பது பேர். எளிய தொழிலாளருக்கும் பழைய பிரபுக் குடும்பங்களுக்கும் அந்த அவையில் இடம் தரப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இன்று நாம் சியெனா என்று பார்ப்பதில் பெரும்பகுதி இந்த ஆட்சியில் உருவானதே.

முதலில் அவர்களுடைய சதுக்கம். ‘பியாட்சா டெல் காம்போ’ முறத்தைப் போல ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் அரண்மனையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. செங்கல் பாவிய தளத்தை வெள்ளைக் கற்கோடுகள் ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன, ஒன்பதின்மரின் நினைவாக. 1297இலேயே, சதுக்கத்தைப் பார்த்த வீடுகளின் ஜன்னல்கள் எப்படி அமைய வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். வீடு உன்னுடையது, முகப்பு ஊருடையது என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது. அதனால்தான் எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சதுக்கத்தில் கண்ணை உறுத்தும் ஒரு கட்டடம்கூட இல்லை.

புளோரன்ஸின் பெருமைக்குப் பின்னால் மெடிச்சி என்ற ஒரு குடும்பப் பெயர் வந்து நிற்கும். சியெனாவின் பொற்காலத்துக்கு அப்படி ஒரு குடும்பம் இல்லை. இங்கே கலையைச் செய்யச் சொன்னது ஊரே. டூச்சோ என்ற ஓவியரிடம் 1308இல் பேராலயத்தின் தலைமைப் பீடத்துக்காக மாதா படம் ஒன்று எழுதச் சொன்னார்கள். ‘மயெஸ்தா’ என்ற அந்தப் பெரும் பலகை ஓவியம் 1311 ஜூன் 9 அன்று முடிந்தது. அன்று கடைகள் மூடப்பட்டன. மணிகள் ஒலிக்க, ஆயரும் ஒன்பதின்மரும் மெழுகுவத்தி ஏந்திய குடிமக்களும் ஊர்வலமாக அதை ஓவியரின் பட்டறையிலிருந்து பேராலயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கலைஞனின் வேலையை ஒரு ஊரே எடுத்துச் சென்ற நாள் அது. 1771இல் அதே படத்தை ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார்கள். சில துண்டுகள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. பெரும்பகுதி இன்று பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சியெனாவில் ஒரே ஒரு அறையைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், நகர அரண்மனையில் ஒன்பதின்மர் கூடிய அறைக்குப் போங்கள். 1338–39இல் அம்புரோஜோ லோரென்செட்டி அதன் மூன்று சுவர்களில் எழுதியவை நல்லாட்சி, தீயாட்சி ஓவியங்கள். அந்தக் காலத்துச் சுவரோவியம் என்றால் பெரும்பாலும் வேதக் கதை. இங்கே பேசப்படுவது ஆட்சி. நீதியின் தராசிலிருந்து இறங்கும் கயிற்றை ஒற்றுமை என்ற பெண் வாங்கி, இருபத்துநான்கு குடிமக்களின் கையில் கொடுக்கிறாள். அவர்கள் அதைப் பிடித்தபடியே போய், நகரத்தின் உருவமாக அமர்ந்திருக்கும் முதியவரிடம் சேர்க்கிறார்கள். சமாதானமோ கவசங்களைக் காலடியில் போட்டுவிட்டுச் சாய்ந்து ஓய்வெடுக்கிறாள்.

பக்கத்துச் சுவரில் நல்லாட்சியின் பலன். செருப்புக் கடையும் பள்ளிக்கூடமும் கூரை மேல் வேலை செய்யும் கொத்தனார்களும் தெருவில் கைகோத்து ஆடுகிறவர்களும் ஒரே பார்வையில் வந்துவிடுகிறார்கள். கோட்டை வாசலுக்கு வெளியே வயல், அறுவடை, பொதி சுமக்கும் கழுதைகள். கருப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பன்றி ஒன்றை ஊருக்குள் ஓட்டி வருகிறார்கள். அந்த இனம் ‘சிந்தா செனேசே’ என்ற பெயரில் இன்றும் சியெனாவின் பண்ணைகளில் வளர்கிறது. பேராலயத்தின் மாடமும் மணிக்கூண்டும் ஒரு மூலையில் சிறிதாகத் தெரிகின்றன. நடுவிடம் முழுவதும் உழைக்கிற மக்களுக்கு. எதிர்ச்சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன், அவன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதி, பாழான வயல்கள். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு நாளும் ஆட்சியாளரின் கண்முன் இரண்டு வழிகளும் இருக்கட்டும் என்று ஊர்ப் பணத்திலேயே அதை எழுதி வைத்தார்கள். ஐரோப்பாவில் இதைவிட அழகான ஓவியங்கள் உண்டு. இதைவிட நேர்மையான நோக்கத்தோடு எழுதப்பட்டது எனக்குத் தெரிந்து இல்லை.

பத்தே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 1348இல் கொள்ளைநோய் சியெனாவுக்குள் நுழைந்தது. ஊரில் பாதிப் பேர், ஒருவேளை அதற்கும் மேல், மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக அஞ்ஞோலோ தி தூரா என்பவர் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். லோரென்செட்டியும், அவரைப் போலவே ஓவியரான அண்ணன் பியெத்ரோவும் அந்த நோயில்தான் இறந்திருக்க வேண்டும். புதிய பேராலயத்தைக் கட்டக் கையும் இல்லை, பணமும் இல்லை. ஏற்கெனவே எழும்பிய பகுதியிலும் பலவீனம் தெரிந்தது. 1355இல் ஒன்பதின்மர் ஆட்சியும் கவிழ்ந்தது. புதிய பேராலயத்தின் முகப்புக்காக எழும்பிய அந்தச் சுவர் அப்படியே நின்றுவிட்டது.

சுதந்திரம் போக இன்னும் இருநூறு ஆண்டுகள் இருந்தன. மாதக்கணக்கான முற்றுகைக்குப் பின், பசியால் சுருண்ட நகரம் 1555 ஏப்ரல் 17 அன்று சரணடைந்தது. விரைவிலேயே பழைய பகையாளியான புளோரன்ஸின் மெடிச்சிகளின் கைக்குப் போனது. சரணடைய மறுத்த சில நூறு குடும்பங்கள் மொந்தால்சீனோ மலைக்குப் போய் 1559 வரை குடியரசு நடத்தின. அதன் பிறகு சியெனா பெருகவில்லை. பெருகாததால் பழையதை இடிக்கவும் இல்லை. இன்று அந்த நகரத்தை முழுசாகப் பார்க்கிறோம் என்றால் அந்தத் தோல்விக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆட்சி போனாலும் கூடி வாழும் பழக்கம் போகவில்லை. அது ‘கொன்ட்ராடா’ எனப்படும் பேட்டைகளுக்குள் இறங்கிக்கொண்டது. மொத்தம் பதினேழு: வாத்து, கோபுரம், நத்தை, ஆமை, முள்ளம்பன்றி, ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். இவற்றின் எல்லைகளை 1729இல் பவேரியாவின் வியோலாந்தே என்ற ஆளுநர் வகுத்தார். இன்றும் அதே எல்லைதான். ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தத் தேவாலயம், சொந்த அருங்காட்சியகம், சொந்த நீரூற்று. பிறந்த குழந்தைக்குப் பேட்டையின் நீரூற்றில் தனி ஞானஸ்நானமும் உண்டு.

ஜூலை 2, ஆகஸ்ட் 16. இந்த இரண்டு நாளும் காம்போ சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டிப் ‘பாலியோ’ குதிரைப் பந்தயம். ஒவ்வொரு பந்தயத்திலும் பத்துப் பேட்டைகள். எந்தக் குதிரை யாருக்கு என்பது குலுக்கலில். சேணம் இல்லாத குதிரையில் மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டியவர் விழுந்தாலும் குதிரை தனியே முதலில் வந்தால் வெற்றிதான். பரிசு, மாதா படம் எழுதிய பட்டுக்கொடி. பந்தயத்துக்கு முன் குதிரையைப் பேட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே நடத்திச் சென்று ஆசீர்வதிக்கிறார்கள். அந்தக் கூர்மையான திருப்பங்களில் குதிரைகள் விழுந்து மடிந்திருப்பதும் உண்மை. மெத்தைகள் கட்டியும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. விலங்குநல ஆர்வலர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சுற்றுலாக்காரருக்காக நடக்கும் வேடிக்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவு பேட்டைத் தெருவில் நீண்ட மேசைகள் போட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பரிமாறுகிறவர்கள் பேட்டையின் பிள்ளைகளே.

சாப்பாடு என்று வந்தபின் ‘பான்ஃபோர்ட்டே’யைச் சொல்லாமல் விட முடியாது. பாதாமும் பாகில் ஊறிய பழங்களும் தேனும் மசாலாவும் சேர்த்து இறுக்கிய இனிப்பு இது. பழைய வகையில் மிளகு தூக்கலாக இருக்கும். அந்த நாளில் மிளகு மலபார்க் கரையிலிருந்து கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. மருந்துக் கடையில்தான் விற்றார்கள், இனிப்பும் அங்கேதான் விற்றது. 1879இல் ராணி மார்கெரீத்தாவின் வருகைக்காக வெள்ளைச் சர்க்கரை தூவிய மென்மையான வகை பிறந்தது. நான் கருப்பு மிளகு வகையின் பக்கம். மாவையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்து கையால் உருட்டும் தடித்த பாஸ்தா நூல்கள் ‘பீச்சி’. பூண்டுத் தக்காளிக் குழம்போடு சைவக்காரரும் திருப்தியாகச் சாப்பிடலாம். ரொட்டியில் உப்பு இருக்காது. டஸ்கனி வழக்கம் அது.

பேராலயத்துக்கு எதிரே ‘சாந்தா மரியா தெல்லா ஸ்காலா’. யாத்திரிகருக்காகத் தொடங்கிய மருத்துவமனை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நோயாளிகளைப் பார்த்தது. எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ 1985இல் இங்கேதான் காலமானார். இப்போது அருங்காட்சியகம். அதன் பெரிய கூடத்தில் 1440களில் எழுதிய ஓவியங்களில் மருத்துவமனையின் அன்றாடமே காட்சி: புண்ணைக் கழுவுகிறார்கள், ஏழைக்கு உடை கொடுக்கிறார்கள், கைவிடப்பட்ட குழந்தையை வளர்த்து மணமுடித்து வைக்கிறார்கள். அவற்றின் கீழேதான் நூற்றாண்டுக் கணக்கில் நோயாளிகளின் கட்டில்கள் கிடந்தன.

பெரும்பாலான பயணக்குழுக்கள் புளோரன்ஸிலிருந்து காலையில் வந்து, சதுக்கத்தில் படம் எடுத்து, மாலையில் திரும்பிவிடுகின்றன. அப்படிப் போகாதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். முடிந்தால் செப்டம்பரில் போங்கள்: பேராலயத்தின் பளிங்குத் தளச் சித்திரங்கள் ஆண்டில் சில மாதங்களே திறந்திருக்கும், செப்டம்பர் அவற்றில் ஒன்று. பாலியோ நெரிசலும் அப்போது ஓய்ந்திருக்கும். ஒன்பதின்மரின் அறைக்குக் காலையில் முதல் ஆளாகப் போய், நல்லாட்சிச் சுவருக்கு முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள்.