மலேசியாவுக்கு வேலைக்கு வரவிருந்த மீரா ராய்: மலைக் கிராமப் பெண்களை ஓட வைக்கும் வீராங்கனை

நேப்பாளத்தின் மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி மலேசியாவுக்கு வருவோர் ஏராளம். தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவல் சாவடிகளிலும் அவர்களை அன்றாடம் பார்க்கிறோம். அந்த வரிசையில் சேர்ந்து, இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்ய ஆயத்தமானவர்தான் மீரா ராய். அவருடைய கராத்தே பயிற்றுநர், ஊரிலேயே இருந்து விளையாட்டைத் தொடரும்படி அறிவுறுத்தினார். மீரா பயணத்தைக் கைவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் உலகம் அறிந்த மலையோட்ட வீராங்கனையாக உயர்ந்தார்.

சுமை தூக்கிப் பழகிய கால்கள்

கிழக்கு நேப்பாளத்தின் போஜ்பூர் மாவட்டத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மீரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மலைச் சரிவில் ஏறி இறங்கித் தண்ணீரும் அரிசி மூட்டையும் சுமந்தார். 14 வயதில் மாவோயிஸ்ட் படையில் சேர்ந்தார். ஓட்டமும் கராத்தேயும் அங்கே கற்றவை. 2006இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், சிறு வயதில் சேர்க்கப்பட்டவர் என்பதால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். கையில் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை.

2014இல் காட்மாண்டில் மெதுவோட்டம் சென்றபோது சந்தித்த இரு ஓட்டக்காரர்கள் அவரை ஒரு பந்தயத்திற்கு அழைத்தனர். அது 50 கிலோமீட்டர் மலையோட்டம் என்பதை அவர் முன்கூட்டி அறியவில்லை. அதற்கேற்ற காலணியோ உணவோ எடுத்துச் செல்லவுமில்லை. மழையிலும் பசியிலும் ஓடி, பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார்.

திறமை மட்டும் போதவில்லை

மலையோட்டம் செலவில்லாத விளையாட்டுப் போலத் தோன்றும். உண்மை வேறு. கரடுமுரடான பாதைக்கான காலணி சீக்கிரம் தேய்ந்துவிடும். பெரிய பந்தயங்களில் மழைச் சட்டை, தலைவிளக்கு, தண்ணீர்ப் பை, அவசரப் போர்வை ஆகியவை கட்டாயம். வெளிநாட்டுப் போட்டி என்றால் நுழைவுக் கட்டணம், விசா, விமானச் சீட்டு என்று செலவு நீளும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பம் இதைத் தாங்காது.

மீராவுக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர், காட்மாண்டில் மலையோட்டப் பந்தயங்களை நடத்திவந்த ரிச்சர்ட் புல். அவரும் நண்பர்களும் உதவியதால், மீரா தலைநகரில் தங்கிப் பயிற்சி செய்ய முடிந்தது. அதே ஆண்டு இத்தாலியில் இரண்டு பந்தயங்களை வென்றார். 2015இல் பிரான்சின் ஷமோனியில் நடந்த மோன் பிளாங்க் 80 கிலோமீட்டர் போட்டியிலும் வாகை சூடினார். 2016இல் முழங்கால் காயம் அவரை முடக்கியது. அதிலிருந்து மீண்டு, 2017இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் அல்ட்ரா பந்தயத்தை வென்றார். அவ்வாண்டு நேஷனல் ஜியாகிராபிக் நடத்திய வாக்கெடுப்பில், மக்கள் தேர்ந்தெடுத்த சாகச வீரர் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது.

ஒன்பது மாதப் பயிற்சி

தமக்குக் கிடைத்த வாய்ப்பு மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் தொடங்கியதே மீரா ராய் முன்முயற்சி அமைப்பு. கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, காட்மாண்டில் ஒன்பது மாதம் தங்கவைத்துப் பயிற்சி தருகின்றனர். ஓட்டத்துடன் ஆங்கிலம், மேடைப் பேச்சு, மலைவழிகாட்டிப் பயிற்சி ஆகியவையும் உண்டு.

இதற்குக் காரணம் எளியது. பயிற்சி பெறும் எல்லாரும் வெற்றி மேடை ஏறப் போவதில்லை. காயமோ வயதோ ஓட்டத்தை நிறுத்திவிடும். அப்போது வெறுங்கையோடு ஊர் திரும்பும் பெண்ணுக்கு அவசரத் திருமணமோ வெளிநாட்டு வேலையோதான் மிஞ்சும். மலைவழிகாட்டித் தொழில் நேப்பாளத்தில் நெடுங்காலமாக ஆண்கள் கையில் இருந்துவருகிறது. ஆங்கிலம் பேசவும் சுற்றுப்பயணிகளை வழிநடத்தவும் தெரிந்த பெண், தன் ஊர் மலையிலேயே சம்பாதிக்கலாம்.

மேற்கு நேப்பாளத்தின் ஜும்லாவைச் சேர்ந்த சுன்மாயா புத்தா இந்தத் திட்டத்தில் பயின்றவர். இப்போது அவரும் பன்னாட்டுப் பந்தயங்களில் முன்னணி வீராங்கனை.

ஊருக்கே வந்த பந்தயம்

தலைநகருக்கு வர வழியில்லாதவர்களுக்காக, மீரா 2015இல் தமது போஜ்பூரிலேயே மலையோட்டப் பந்தயம் ஒன்றை நடத்தினார். அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கும் சந்தைக்கும் நாள்தோறும் மலை ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் பழக்கமான அதே பாதைகளில்தான் ஓட்டமும் நடந்தது. அந்தக் கால்களின் வலுவை யாரேனும் நேரில் கண்டு, அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, ஒரு ஜோடி காலணியும் வாங்கித் தந்தால், அது அவர்களுக்கு நல்ல தொடக்கம். மீராவுக்கும் ஓட்டம் அப்படித்தான் தொடங்கியது.