சாம்பசிவம் வழக்கும் விடுதலைத் தீர்ப்பின் பொருளும்

மலேசியத் தமிழர் வரலாற்றில் 1948ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு சூன் 18ஆம் நாள் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டங்கள் முதல் ஜொகூர்த் தோட்டங்கள் வரை வாழ்ந்த தொழிலாளர் அனைவரும் அவசரகால ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டனர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்க அவை வழிசெய்தன. இவ்விதிகளின்கீழ் எழுந்த வழக்கொன்று குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமையை எவ்வாறு விரிவுபடுத்தியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1948 செப்டம்பரில் ஜொகூரில் நிகழ்ந்த ஒரு மோதலைத் தொடர்ந்து, சாம்பசிவம் என்னும் தமிழர்மீது இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒன்று, துப்பாக்கி ஏந்தியமை. மற்றொன்று, தோட்டாக்கள் வைத்திருந்தமை. அக்கால வழக்கப்படி, கருத்துரைக்கும் அசெசர்கள் இருவர் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்தனர். அவர்கள் இரு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளியல்லர் என்றனர். தோட்டாக் குற்றச்சாட்டில் நீதிபதி அதனை ஏற்று அவரை விடுவித்தார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் உடன்படாது மறுவிசாரணைக்கு ஆணையிட்டார்.

மறுவிசாரணையில், சாம்பசிவம் அளித்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசுத் தரப்பு முன்வைத்தது. துப்பாக்கி, தோட்டாக்கள் இரண்டையும் அவர் எடுத்துச் சென்றதாக அது கூறியது. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் முன்னரே விடுவிக்கப்பட்ட செய்தி புதிய அசெசர்களுக்கு உணர்த்தப்படவில்லை. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மலாயா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பை நீக்கியது. விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்கலாகாது என்பதோடு விடுதலைத் தீர்ப்பின் பயன் முடிந்துவிடுவதில்லை. அதே தரப்பினரிடையே பின்னர் எழும் வழக்குகளிலும் அது அரசுத் தரப்பைக் கட்டுப்படுத்தும் என்பது பிரபு மெக்டெர்மட் வழங்கிய தீர்ப்பின் சாரம். தோட்டாக்களைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் எனில், வாக்குமூலத்தின் ஒரு பகுதியை உண்மையெனக் கொள்ள இயலாது. எஞ்சிய பகுதியை எடைபோட வேண்டிய அசெசர்கள் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியலமைப்பு, ஏழாம் விதியின் இரண்டாம் உட்பிரிவில், விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிப்பதைத் தடை செய்கிறது. மேல்நிலை நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிடுவது மட்டுமே இதற்கு விலக்கு. இவ்விதி மறுவிசாரணையைத் தடுக்கிறது. விடுதலைத் தீர்ப்பின் மதிப்பைப் பிற வழக்குகளிலும் காப்பது சாம்பசிவம் வழக்கின் நெறியாகும். இந்திய உச்சநீதிமன்றமும் பிரீத்தம் சிங் வழக்கில் இந்நெறியைப் பின்பற்றியது குறிப்பிடத்தக்கது.

தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி இதே அவசரகாலத்தில், 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் மரணம் மலேசியத் தமிழர் நினைவில் நிலைத்துள்ளது. சாம்பசிவம் வழக்கோ பெரிதும் சட்டநூல்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. முன்னது இழப்பின் வரலாறு. பின்னது அவ்விழப்பிற்கிடையே ஈட்டப்பெற்ற உரிமையின் வரலாறு. நம் மாணவர்க்கு இரண்டையும் சேர்த்தே கற்பித்தல் தகும்.